நேராக நின்றவள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் கல்லூரி லாரி அவர்களை இறக்கிவிட்டபோது அந்த பங்களாவில் வௌவால் நாற்றத்தைத் தவிர வேறு யாரும் குடியிருக்கவில்லை. செம்பு தேடி வந்த ஏதோ ஒரு கம்பெனி ஐம்பது வருடங்களுக்கு முன்னால் கட்டியது. செம்பு கிடைக்கவில்லை. கம்பெனி போய்விட்டது. தகரக் கூரையும், கதவில்லாத ஆறு அறைகளும், காட்டுக்குள் ஆள்நுழையும் அகலத்துக்குத் தோண்டிப் பார்த்துவிட்டு மூடாமல் விட்ட குழிகளும்தான் மிச்சம்.

கசூபா தன் பாயை ஜன்னலோரம் விரித்தாள். சிவில் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு நில அளவை முகாம், ஐந்து நாள். போன வருடமும் இதே முகாமுக்கு வந்து தோற்றவள் அவள். இந்த முறையும் தோற்றால் கல்லூரியில் இடமில்லை என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். கிட்வே நகரத்தில் மினிபஸ் ஓட்டும் அவளுடைய அப்பா, ஏறுகிற ஆட்களிடமெல்லாம் என் மகள் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை. மடித்து, பையின் அடியில் வைத்திருந்தாள். பையைத் திறக்கும்போதெல்லாம் கை அந்த இடத்தைத் தொடாமல் விலகிப் போகப் பழகியிருந்தது.

கேட்டால் வேலை சுலபம். ஒரு முளையில் தொடங்கி, காட்டைச் சுற்றிப் பன்னிரண்டு முளைகள் அடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு உள்ள கோணத்தையும் தூரத்தையும் எடுத்துக்கொண்டே தொடங்கிய முளைக்குத் திரும்ப வேண்டும். கால்கள் திரும்பிவிடும். கணக்கும் திரும்ப வேண்டும். கணக்கு வேறெங்கோ போய் நின்றால் சுற்று மூடவில்லை என்று அர்த்தம். மூடாத சுற்றுக்குத் தேர்ச்சிக் கையெழுத்துக் கிடையாது.

மூடாததை மூட ஒரு வழி எல்லா மாணவர்களுக்கும் தெரியும். போகாத இடத்துக்குப் போனதாக, பார்க்காத எண்ணைப் பார்த்ததாக, மர நிழலில் உட்கார்ந்து புத்தகத்தில் எழுதிவிடுவது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சமையல். போன வருடம் கசூபா சமைக்காமல் நேர்மையாகத் தோற்றாள். அந்த நேர்மைக்காக யாரும் அவளைப் பாராட்டவில்லை.

புதிய மின்னணுக் கருவிகளில் இரண்டுக்கு பேட்டரி நிற்கவில்லை. ஆகவே கசூபாவின் குழுவுக்கு மரப்பெட்டியிலிருந்து கோணம் அளக்கும் ஒரு பழைய தியோடோலைட்டை எடுத்துக் கொடுத்தார் சிகாஸ்வே சார். முப்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. இதே கல்லூரியில் படித்து, இங்கேயே ஆசிரியராகி, வருடா வருடம் முகாமை நடத்துகிறவர். பெட்டியைத் திறந்து கொடுத்தாரே தவிர, அந்தத் தொலைநோக்கியில் ஒருமுறைகூட அவர் கண் வைக்கவில்லை.

"இதுல எல்லாமே தலைகீழாத் தெரியும்," என்றார். "ரெண்டு நாள்ல கண்ணு பழகிடும். அப்புறம் தலைகீழ்னே தோணாது."

குழுவில் நான்கு பேர். இரண்டாம் நாளே ஒருவனுக்கு மலேரியா வந்து, இன்னொருவன் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டான். மிஞ்சியது கசூபாவும் ஸோண்டிவேயும். கருவியில் கண் வைத்து, பார்த்ததைப் புத்தகத்தில் எழுதுவது கசூபா. அடுத்த முளையில் போய் அளவுகோலை நிறுத்திப் பிடிப்பது ஸோண்டிவே. அவள் ங்கோனி, இவள் பெம்பா. முன்னோர் போட்ட சண்டைக்குப் பரிகாரமாக, இந்த இரண்டு இனத்தாரும் ஒருவரையொருவர் எவ்வளவு கேவலமாகக் கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். அதனால் விடிந்ததும் முதல் வேலையாக இவள் அவளை எலி தின்னி என்பாள், அவள் இவளைக் குரங்கு தின்னி என்பாள். அது சொல்லியாகாவிட்டால் இருவருக்கும் தேநீர் இறங்காது.

கண் பழகிவிட்டது. கண்ணாடிக்குள் மண் மேலே இருக்கும், வானம் கீழே இருக்கும், அளவுகோலைப் பிடித்தபடி ஸோண்டிவே வௌவாலைப் போல மண்ணிலிருந்து தொங்குவாள். புதன்கிழமைக்குள் அதெல்லாம் கசூபாவுக்கு இயல்பாகிவிட்டது.

புதன் மதியம் ஆறாம் முளையில் கருவியை நிறுத்தியிருந்தாள். சமீப வருடங்களில் சுற்று இந்தப் பக்கம் வந்ததில்லை. பெரிய கறையான் புற்றைத் தாண்டி வளைந்து போய்விடும். புதிதாகப் போடப்போகும் சாலைக்காக இந்த வருடம் துறையில் பாதையை மாற்றி வரைந்திருந்தார்கள். ஏழாம் முளை நூற்று நாற்பது மீட்டர் தள்ளி, இடுப்புயரப் புல்லுக்கு நடுவே இருந்தது. அக்டோபர் வெயில். சுற்றிலும் எரித்த காட்டின் கரி வாசனை. சில்வண்டுகள் கத்திக்கொண்டே இருந்து, சட்டென்று நின்றன.

கசூபா திருகைத் திருப்பினாள். கானலில் நெளிந்த படம் மெல்லக் கூர்மையானது. மஞ்சள் மேற்சட்டையில் ஸோண்டிவே.

அவளுக்கு நாலடி தள்ளி இன்னொருத்தி.

நீல நிற ஓவரால். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. விறகுக்கு வந்த ஊர்ப்பெண் யாராவது இருக்கும் என்று நினைத்து, கசூபா நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி கண் வைத்தாள். அந்தப் பெண் அங்கேயே, அப்படியே. என்னவோ உறுத்தியது. முகம் தெரியாததா? அசையாததா? இல்லை. வேறு ஏதோ. மிகச் சாதாரணமாக இருந்ததாலேயே பிடிபடாத ஏதோ ஒன்று.

அவள் நேராக நின்றாள்.

தலை மேலே, கால் கீழே. எல்லாவற்றையும் கவிழ்க்கும் கண்ணாடிக்குள் அவள் ஒருத்தி மட்டும் கவிழவில்லை.

மூன்று நாள் பழக்கத்தில் கசூபாவின் மனம் படத்தைத் தானாகவே திருப்பிப் போட்டது. புல் நிமிர்ந்தது. ஸோண்டிவே நிமிர்ந்தாள். அந்தப் பெண் கவிழ்ந்தாள்.

தலை மண்ணுக்குள். கால்கள் வானத்தைப் பார்த்து.

கசூபா கருவியை விட்டு விலகி வெறும் கண்ணால் பார்த்தாள். புல், வெயில், ஸோண்டிவே. கண்ணாடிக்குள் பார்த்தாள். நீல ஓவரால். இப்போது ஒரு கை உடம்பை விட்டு விலகியிருந்தது. இருட்டில் சுவரைத் தேடுகிறவள் கையைப் போல, விரல்கள் விரிந்து, ஸோண்டிவே நின்ற பக்கமாக.

விசிலை ஊதி ஸோண்டிவேயைத் திரும்பி வரச் சொன்னாள். அங்கே யாருமே இல்லை என்று ஸோண்டிவே சத்தியம் செய்தாள். ஆனால் அளவுகோலை ஊன்றும்போது தரை பானையைத் தட்டினாற்போல் ஒலித்தது என்றும், கணுக்கால் மட்டும் ஜில்லென்று இருந்தது என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு, பெம்பாக்காரிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, குரங்கு மரநிழலில் இருக்க வேண்டியது என்று சிரித்தாள்.

சாயங்காலம் சிகாஸ்வே சார் வாசலில் உட்கார்ந்து ன்ஷிமா களியைப் பொரித்த மீனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏழாம் முளைக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்ததாக மட்டும் கசூபா அவரிடம் சொன்னாள்.

களி உருண்டை அவர் கையிலேயே நின்றது.

"நேராவா நின்னா?" என்று கேட்டார்.

கசூபா அதைச் சொல்லவே இல்லை. அவள் பதில் சொல்வதற்குள் அவர் தட்டோடு எழுந்து கொண்டார். கானல் அப்படித்தான் காட்டும், நாளைக்குச் சீக்கிரம் போய் முடியுங்கள், ஐந்து மணிக்குப் புத்தகம் கைக்கு வர வேண்டும் என்று முதுகைக் காட்டியபடி சொன்னார். அவர் பயந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. பயந்தவர் ஏன் தடுக்கவில்லை என்பதுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை. கடைசி நாள். ஆறாம் முளையில் முக்காலியை ஊன்றினாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோக முடியவில்லை. கழுத்து மறுத்தது. பையின் அடியில் இருந்த கடிதத்தை நினைத்தாள். அப்பாவை நினைத்தாள். பிறகு ஸோண்டிவேயிடம், ஏழும் எட்டும் வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன், நீ நேரே ஆற்றோரம் ஒன்பதுக்குப் போ என்றாள்.

ஸோண்டிவே அவளையே பார்த்தாள். "உனக்கு ன்ஷிமாவே கட்டி தட்டாம கிண்டத் தெரியாதுடி. நீ ரீடிங் சமைக்கப் போறியா?"

"போடி எலி தின்னி."

"மாட்டிக்கிட்டா அழக் கூடாது," என்று சொல்லிவிட்டு, அளவுகோலைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ஒற்றையடிப் பாதையில் போனாள்.

கசூபா புற்று நிழலில் உட்கார்ந்து சமைத்தாள். எண்கள் ஆச்சரியமாகச் சரளமாக வந்தன. எட்டாம் முளை, அளவுகோல் பிடித்தவர் ஸோண்டிவே, நேரம் பன்னிரண்டு நாற்பது. எழுதி முடித்ததும், அது நடந்தது போலவே இருந்தது. ஸோண்டிவே அங்கே நிற்பது அவள் மனதில் தெரிந்தது. பொய் சொல்வது இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

ஒன்பதாம் முளையில் ஸோண்டிவே இல்லை.

விசில் ஊதினாள். காத்திருந்தாள். இரண்டு மணி. மூன்று மணி. ஆற்றங்கரையில் ஈர மண் இருந்தது. அதில் காலடி எதுவும் இல்லை. முகாமுக்குப் போயிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். முகாமிலும் இல்லை.

நாலரை மணிக்கு எல்லோரும் கூடிவிட்டார்கள். முகாமுக்குக் கரி விற்க வந்திருந்த, ஊரார் மபாலோவின் அம்மா என்று அழைக்கும் பெண்ணும் நின்றாள். சிகாஸ்வே சார் கசூபாவின் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். விரலை ஒரு வரியில் வைத்தார். பன்னிரண்டு நாற்பதுக்கு எட்டில் நின்றிருக்கிறாள், அப்படியானால் அதற்குப் பிறகு ஆற்றுப் பக்கம்தான் என்றார். ஆற்றில் முதலை உண்டு. பையன்கள் கழிகளை எடுத்துக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடத் தொடங்கினார்கள்.

கசூபா அவர்களோடு ஓடவில்லை.

ஒன்பதுக்குப் போ என்றுதானே சொல்லி அனுப்பினேன், ஆற்றோரம் இருந்தாலும் இருக்கலாமே என்று மனதுக்குள் ஒரு குரல் மிக நியாயமாகப் பேசியது. அது தன் குரல்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அது யாரைக் காப்பாற்றப் பேசுகிறது என்பதும் தெரிந்தது. இருட்ட ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. ஸோண்டிவேக்கு மாட்டிக்கொள்வது பிடிக்காது. தோழி மாட்டிக்கொள்வதும் பிடிக்காது. சார் முளையைச் சோதித்துப் பார்த்தால் அளவுகோல் ஊன்றிய தடமாவது இருக்கட்டும் என்று ஏழுக்கே போயிருப்பாள். அவள் அப்படித்தான்.

கசூபா அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது என்பது முதல் நாள் பாடம். தவறை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும், அடித்த பிறகும் அதைப் படிக்க முடிய வேண்டும். ஏழையும் எட்டையும் அவர் கண்ணெதிரே அடித்தாள்.

"அவ எட்டுக்குப் போகவே இல்ல சார். இது நான் சமைச்சது."

சிகாஸ்வே சார் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னோடதும்," என்றார்.

பதினான்கு வருடங்களுக்கு முன்னால் அவருடைய குழுவில் லுஷோமோ என்றொரு பெண் இருந்தாள். புல்லுக்குள் அவளைத் தனியே அனுப்பிவிட்டு, இவர் மரநிழலில் உட்கார்ந்து எழுதினார், அவள் ஆற்றோர முளையில் நின்றதாக. புத்தகத்தை நம்பி மூன்று நாள் ஆற்றைத் தேடினார்கள். முதலை என்று முடித்தார்கள். கையெழுத்துக் கிடைத்தது. அவளும் நீல ஓவரால்தான். இதையெல்லாம் அவர் ஏழாம் முளைப் பக்கமாக ஓடிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். ஆசிரியரான முதல் வருடம் அந்தப் பழைய கருவியில் ஒரே ஒரு முறை பார்த்தாராம். பிறகு பார்க்கவே இல்லையாம்.

புல் முழுக்க ஒரே மாதிரி இருந்தது. மிதித்த தடம் எதுவும் தெரியவில்லை. பழைய செம்புக் குழி எங்கே என்று கண்ணை நம்பி உள்ளே நுழைந்தால் இன்னொருவர் விழ வேண்டியதுதான் என்றாள் மபாலோவின் அம்மா. "கருவி எதுக்கு வெச்சிருக்க மகளே? வெச்சுப் பாரு," என்றாள். கரி மூட்டை கட்டும் கயிற்றை அவள் தோளிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள்.

கசூபா ஆறாம் முளையில் முக்காலியை ஊன்றிக் கண்ணை வைத்தாள்.

சாயும் வெயில் கீழே வானத்தில் சிவந்திருந்தது. மேலே மண். மண்ணுக்கும் வானத்துக்கும் நடுவே நீல ஓவரால்.

அதற்குப் பக்கத்தில் மஞ்சள் மேற்சட்டை.

இருவரும் நேராக நின்றார்கள். கை கோத்திருந்தார்கள்.

கசூபா கண்ணை எடுக்கவில்லை. இடது கையால் திருகைப் பிடித்து, குறுக்குக் கோட்டை அந்த இரண்டு பேர் மேல் நிறுத்தினாள். வலது கையை நீட்டினாள். நேர்கோட்டில் ஆளை நிறுத்தும் பாடம் அது: கை வலப்புறம் நீண்டால் வலப்புறம் நகர வேண்டும், தலைக்கு மேல் உயர்ந்தால் நிற்க வேண்டும். சிகாஸ்வே சார் புல்லுக்குள் நடந்தார். கண்ணாடிக்குள் அவர் மண்ணில் தொங்கியபடி, நேராக நின்ற அந்த இருவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

வலது. இன்னும் வலது. கொஞ்சம் இடது.

நீல ஓவரால் போட்டவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

கசூபா கையை உயர்த்தினாள்.

அவர் நின்ற இடத்தில் மண்டியிட்டுப் புல்லை விலக்கினார். இரண்டு பூட்ஸ்களின் அடிப்பாகம் தெரிந்தது. குழி கோணலாக இறங்கியிருந்தது. ஸோண்டிவே இடுப்பு சிக்கி, தலைகீழாக, நாலு மணி நேரத்துக்கு மேல். கயிற்றைக் கணுக்காலில் கட்டி, மூன்று பேர் இழுத்தார்கள். வெளியே வந்தபோது முகம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. மூச்சு இருந்தது. மபாலோவின் அம்மா அவள் வாயிலிருந்து மண்ணைத் தோண்டி எடுத்தாள்.

சிகாஸ்வே சார் குழிக்குள் தலையை நீட்டி அந்தப் பழைய பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். பதில் வருவதற்குக் காத்திருப்பவரைப் போல வெகுநேரம் அப்படியே இருந்தார்.

மறுநாள் போலீஸ் வந்து தோண்டியது. எலும்புகள் கிடைத்தன. லுஷோமோவின் தகப்பனார் தெற்கிலிருந்து வந்தார். பாதிரியார் ஜெபம் செய்து, ஒழுங்காகப் படுக்க வைத்து அடக்கம் செய்தார்கள். சிகாஸ்வே சார் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார். குழியில் கற்களைக் கொட்டி மூடினார்கள். கசூபாவின் பெயர் கல்லூரிப் பட்டியலிலிருந்து போயிற்று. அப்பா இரண்டு நாள், ஏறுகிறவர்களிடம் மகளைப் பற்றிச் சொல்லாமல் பஸ் ஓட்டினார், மூன்றாம் நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார்.

பார்வையாளர் நேரம், மதியம் இரண்டு மணி. கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருந்ததால் ஸோண்டிவேயின் கண்களை அதுவரை கட்டி வைத்திருந்தார்கள். அன்று காலைதான் அவிழ்த்தார்களாம். நர்ஸ் கசூபாவைத் தனியே அழைத்து, பெண் நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் தலையணையில் தலை வைக்க மறுக்கிறாள் என்றாள். எத்தனை முறை சரியாகப் படுக்க வைத்தாலும், திரும்பி வந்து பார்த்தால் தலை கட்டிலின் ஓரத்தில் தொங்குகிறதாம்.

இப்போதும் அப்படித்தான் கிடந்தாள். பின்னல்கள் தரையைத் தொட்டன. கசூபா குனிந்து, அவள் தலைக்கடியில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். தலை கல்லைப் போல் கனத்தது.

"என்னடி எலி தின்னி," என்றாள்.

ஸோண்டிவே திருப்பிக் கேலி செய்யவில்லை. சிவந்த கண்களால் வார்டைப் பார்த்தாள். எதிர்க்கட்டிலில் இருந்த பாட்டியை, ஊசியோடு நின்ற நர்ஸை, ஜன்னலுக்கு வெளியே மாமரத்தை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, புரியாதவளைப் போல.

"ஏன் எல்லாரும் தொங்கறீங்க?" என்றாள்.

கண் சரியாகக் கொஞ்ச நாள் பிடிக்கும், பழகிவிடும் என்று கசூபா ஏதோ சொன்னாள்.

ஸோண்டிவே அவளைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கசூபாவின் தோளுக்கு இடப்புறம், ஒரு ஆள் நிற்கும் தூரத்தில், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீங்கிய உதடுகள் மெல்ல விரிந்தன. தெரிந்தவளைப் பார்த்த சிரிப்பு.

"நல்லவேளை," என்றாள். "இவளாவது நேரா நிக்கிறா."

கசூபாவின் இடது கணுக்கால் ஜில்லென்றது.